தொள்ளாயிரத்து ஐம்பத்தொரு நாள்

ஆகஸ்ட் 4, வெள்ளி

சென்னையிலிருந்து பெட்டிகள் வந்துவிட்டன. மொத்தம் பதினொன்று. லாரிக்காரர் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். செக்யூரிட்டிகள் இருவரும் நானுமாக, நோயாளிகள் லிஃப்ட் காலியாகும் நேரம் பார்த்து, நாலாவது மாடி சர்வர் அறைக்கு ஒவ்வொன்றாக ஏற்றினோம். முடியும்போது மணி மூன்று. மதியச் சாப்பாடு தவறிப்போனது.

இந்த வேலை முடியும்வரை தினமும் எழுதலாம் என்று இருக்கிறேன். எந்தக் கேபிளை எந்தத் தேதியில் எங்கே மாட்டினோம் என்பது பிறகு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

என்ன வேலை என்பதையும் எழுதிவைக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி, பரிசோதனைக் கூடம், மருந்தகம், வார்டு எல்லாம் ஒரே டேட்டாபேஸில் ஓடுகின்றன. அதற்கு இரண்டு சர்வர்கள். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். ஆனால் தகவல் அந்தச் சர்வர்களுக்குள் இல்லை. ஸ்டோரேஜ் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, அதில் இருக்கிறது. சர்வருக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஓடும் கேபிள்கள் அறுந்தால் இரண்டு சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் கண் போய்விடும்.

மார்ச் 11 அன்று அதுதான் நடந்தது. கேபிள்கள் வந்து கூடிப் பிரியும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் இரண்டு உண்டு. எங்கள் பிரிவில் இருந்த ஐசக், பராமரிப்புக்காக ஒன்றை அணைக்கப்போய் இரண்டையும் அணைத்துவிட்டார். டேட்டாபேஸ் இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் படுத்துவிட்டது. ஐசக்கை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று நிர்வாகம் எல்லாவற்றையும் புதிதாக வாங்கியிருக்கிறது. பொறுப்பு என்னுடையது. ஏப்ரலில் துணை மேலாளர் ஆனபிறகு எனக்கு வந்த முதல் பெரிய வேலை.

ஆகஸ்ட் 5, சனி

பெட்டிகளைப் பிரித்தோம். ஒரு பவர் கேபிள் குறைகிறது. கடிதம் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து இட்லிக்கு அரைத்தேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பெட்டிகளை அனுப்பிய கம்பெனியிலிருந்து ஃபெரோஸ் என்ற பொறியாளர் வந்திருக்கிறார். முப்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. புதிய சர்வர் இரண்டையும், ஸ்டோரேஜையும், ஸ்விட்ச் இரண்டையும் ரேக் என்கிற இரும்புச் சட்டத்தில் ஏற்றினோம்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கேபிள். ஒன்று முதல் ஸ்விட்சுக்கு, ஒன்று இரண்டாவது ஸ்விட்சுக்கு. ஸ்டோரேஜிலிருந்தும் அதேபோல இரண்டு. ஆக ஆறு கேபிள். எந்தக் கேபிள் போனாலும், எந்த ஸ்விட்ச் போனாலும், மிச்சமிருக்கும் வழியில் தகவல் போய்வரும். தாளில் வரைந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

தாளில் வரைவதோடு விடக்கூடாது என்று இந்த முறை ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். ஸ்விட்ச் இரண்டுக்கும் மின்சாரம் ஒரே யு.பி.எஸ்ஸிலிருந்து வந்தது. அதைப் பிரித்தேன். கேபிள் எல்லாம் ஒரே தட்டில் போகும்படி போட்டிருந்தார்கள். எலி கடித்தாலோ ஏசி தண்ணீர் ஒழுகினாலோ மொத்தமும் போகும். பாதியைக் கூரை வழியாகவும் பாதியைத் தரைக்கு அடியிலும் விடச் சொன்னேன். ஃபெரோஸ், இவ்வளவு பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை மேடம் என்றார்.

பழைய ரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேட்டார். தேவையில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, புதன்

வீட்டில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. இவர் (என் கணவர் சிதம்பரம், மின்வாரிய அலுவலகத்தில் இருக்கிறார்) மாடியேறி இறங்கிப் பார்த்துவிட்டு, கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு போயிருக்கும் என்றார். குறைந்த பவர் கேபிள் வந்து சேர்ந்தது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஆறு கேபிளும் மாட்டியாயிற்று. ஒவ்வொன்றின் இரு முனையிலும் லேபிள் ஒட்டினேன். நீலம் முதல் ஸ்விட்ச், மஞ்சள் இரண்டாவது.

சர்வரைத் திறந்து பார்த்தால் ஒரே ஸ்டோரேஜ் இரண்டு தனித்தனிப் பெட்டிகளாகத் தெரிகிறது. இது எதிர்பார்த்ததுதான். இரண்டு வழியில் போகிறவனுக்கு ஒரே வீடு இரண்டு வீடாகத் தெரியும். இரண்டும் ஒன்றே என்று சர்வருக்குப் புரியவைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டு, இரண்டு வழிக்கும் சேர்த்து ஒரே பெயர் கொடுத்தோம். மாலை ஐந்து மணிக்கு இரண்டு சர்வரிலும் சரியாகத் தெரிந்தது.

அப்போது டாக்டர் ஷமீமா படியேறி வந்தார். ரத்த வங்கியின் பொறுப்பாளர். இந்த அறைக்கு அவர் வந்தது இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எதற்கு இத்தனை கேபிள் என்று கேட்டார், சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி கோமதி. போன தடவையும் ரெண்டு வழி இருக்குன்னுதானே சொன்னீங்க?"

பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். இந்த முறை பேப்பரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டாராம். பகல் நேரத்தில், ரத்த வங்கியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, நான் ஒரு பக்கத்துக் கேபிளைப் பிடுங்கிக் காட்டவேண்டும். அதன்பிறகுதான் ஒப்புக்கொள்வாராம். சரி என்றேன்.

மார்ச் 11 அன்று பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இருபத்தாறு வயது, முதல் பிரசவம். அவளுக்காகப் பொருத்தம் பார்த்து எடுத்துவைத்திருந்த ரத்தத்தின் விவரம் டேட்டாபேஸில் இருந்தது. திரை திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து பொருத்திப் பார்த்துக் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் தாமதம். உயிர் பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதாயிற்று. தாமதம் இல்லாவிட்டாலும் எடுத்திருக்கலாம், யாராலும் சொல்லமுடியாது என்று விசாரணையில் எழுதினார்கள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

முதல் சோதனை. புதிய சர்வர்களில் ஒரு போலி டேட்டாபேஸை ஓடவிட்டு நீலக் கேபிள் ஒன்றைப் பிடுங்கினேன். மஞ்சள் வழி உடனே எடுத்துக்கொள்ளவேண்டும். எடுக்கவில்லை. திரை உறைந்து நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தெட்டு நொடி. அதற்குள் இரண்டாவது சர்வர், முதலாவது செத்துப்போய்விட்டது என்று முடிவுசெய்து அதை வலுக்கட்டாயமாக அணைத்தும்விட்டது.

காரணம் எளிதானது. ஒரு வழி அறுந்தால் அது திரும்பி வருமா என்று சர்வர் காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்று நாம் சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு நிறையக் காத்திருக்கும். அதை ஐந்து நொடியாகக் குறைத்தேன். மற்ற சர்வரின் பொறுமையை அதைவிட அதிகமாக்கினேன். மறுபடி பிடுங்கினேன். ஐந்து நொடித் தயக்கம், பிறகு எதுவும் நடக்காததுபோல ஓடியது.

ஆறு கேபிளையும் ஒவ்வொன்றாக, பிறகு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக, பிறகு மின்சாரத்தை. பதினாறு முறை. மூன்றாவது முறையோடு போதும் என்பது ஃபெரோஸின் எண்ணம். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். நான் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். புட்வால்வு மாற்றியாயிற்று.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மேலாளர் வின்சென்ட் சார் கூட்டம் போட்டார். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பழைய ஸ்டோரேஜிலிருந்து புதியதுக்கு மாறவேண்டும். ஒன்பதுக்குள் முடியவேண்டும். எல்லாத் துறைக்கும் அறிவிப்புப் போய்விட்டது. முடிந்ததும் பழைய ஸ்விட்ச் இரண்டையும் அணைத்து, உள்ளே இருப்பதை அழித்து, ஸ்டோரில் ஒப்படைக்கவேண்டும். அது எப்போதும் செய்கிற வழக்கம்தான். என் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 19, சனி

அரைநாள். மற்றவர்கள் போனபிறகு இருந்து நாளைக்கான பட்டியலைச் சரிபார்த்தேன். அணைப்பதற்குமுன் பழைய ஸ்விட்சுகளின் விவரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது என்று உள்ளே போனேன்.

முதல் ஸ்விட்ச்: கடைசியாக அணைந்து எழுந்து 161 நாள். அதாவது மார்ச் 11.

இரண்டாவது ஸ்விட்ச்: 951 நாள்.

951 நாளாக அது ஒரு விநாடிகூட அணையவில்லை. நான் 2021 ஜனவரியில் பொருத்தி முதன்முதலாக மின்சாரம் கொடுத்தேன். அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஐசக் அதைத் தொடவே இல்லை.

முதல் நாள் இந்த டைரியில் ஐசக் இரண்டையும் அணைத்தார் என்று எழுதினேன். அது பொய். எனக்கு மட்டுமே தெரிந்த இடத்தில்கூட நான் அதை எழுதியிருக்கிறேன் என்பதை இப்போது பார்க்கிறேன்.

நடந்ததை எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் இரண்டாவது ஸ்விட்சில் கேபிளைச் செருகத் தேவையான இணைப்பு முனைகள் வந்துசேரவில்லை. சர்வர் அறையின் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இப்போதைக்கு ஆறு கேபிளையும் முதல் ஸ்விட்சிலேயே மாட்டுவோம், முனைகள் வந்ததும் மூன்றை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆவணத்தில் மட்டும் மூன்றும் மூன்றுமாகப் பிரித்து எழுதி, சோதிக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன். முனைகள் பிப்ரவரியில் வந்தன. கொரோனாவின் இரண்டாவது அலையும் பின்னாலேயே வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. இரண்டு தடவை ஞாபகம் வந்தது. இரண்டு தடவையும் அடுத்த வாரம் பார்ப்போம் என்று விட்டேன்.

ஐசக் அந்த ஆவணத்தை நம்பினார். ஒரு ஸ்விட்சை அணைத்தாலும் மற்றது தாங்கும் என்று அதில் இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. மார்ச் 11 காலை பதினொன்று பத்துக்கு முதல் ஸ்விட்சை அணைத்தார். எல்லாம் விழுந்தது. உடனே மறுபடி போட்டார். அதற்குள் டேட்டாபேஸின் கோப்புகள் கெட்டுப்போயிருந்தன.

எல்லோரும் கீழே திரையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது நான் மேலே வந்தேன். பன்னிரண்டேகாலுக்கு மூன்று கேபிளை முதல் ஸ்விட்சிலிருந்து உருவி இரண்டாவதில் குத்தினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நிதானமாகத்தான் செய்தேன். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது கேபிள்கள் ஆவணத்தில் இருந்தபடியே இருந்தன. அப்படியென்றால் ஐசக் இரண்டையும் அணைத்திருக்கவேண்டும் என்று முடிவுசெய்தார்கள். ஸ்விட்ச் எத்தனை நாள் ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை. தொழில்நுட்ப அறிக்கையை எழுதியது நான்.

ஐசக் என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒன்றைத்தான் அணைத்தேன் என்று விசாரணையில் ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் பேசவில்லை.

நாளை ஸ்விட்சை அணைத்தால் 951 அழிந்துபோகும். உள்ளே இருப்பதை அழித்தால், மார்ச் 11 பன்னிரண்டேகாலுக்குத்தான் மூன்று கேபிள் முதன்முதலாக அங்கே வந்தது என்ற பதிவும் போய்விடும். நான் எதுவும் தப்பாகச் செய்யவேண்டாம். எனக்குக் கொடுத்த வேலையைச் செய்தாலே போதும்.

திரையைப் படம் எடுத்தேன். பதிவையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்தேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டு நாற்பதுக்கு முடிந்தது. ரத்த வங்கி, பரிசோதனைக் கூடம், மருந்தகம் எல்லாம் புதியதில் ஓடுகின்றன. வின்சென்ட் சார் கைகொடுத்தார். ஃபெரோஸ் மதிய ரயிலில் கிளம்பிவிட்டார்.

பழைய முதல் ஸ்விட்சை அணைத்து ஸ்டோரில் கொடுத்தேன். இரண்டாவதை அணைக்கவில்லை. அதில் இப்போது ஒரு கேபிளும் இல்லை. சும்மா ஓடுகிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

இன்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இன்றும்.

ஆகஸ்ட் 23, புதன்

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது இவரிடம் சொன்னேன். அடுப்பில் பருப்பு இருந்தது. கேட்டுவிட்டு அடுப்பைத் தணித்துவைத்தார். இந்த ஐந்து மாதமும் நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாகவும், கேட்டால் வேலைப்பளு என்று சொல்வேன் என்பதால் கேட்கவில்லை என்றும் சொன்னார். சொல்லாதே என்றோ சொல் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பி, வண்டியை எடுத்தவர், மறுபடி உள்ளே வந்தார்.

"கோமு, அந்தப் பையனுக்கு இப்ப என்ன வேலைன்னாவது தெரியுமா?"

தெரியாது. நான் விசாரித்ததே இல்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

வின்சென்ட் சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அச்செடுத்த தாளை மேசைமேல் வைத்தேன். ரொம்ப நேரம் படித்தார். இரண்டே வரிதான் அதில் முக்கியம். பிறகு தாளைத் திருப்பிக் கவிழ்த்துவைத்தார்.

"இப்ப இதைச் சொல்லி யாருக்கும்மா என்ன ஆகப்போவுது? அவனும் போயிட்டான். சிஸ்டமும் புதுசாயிட்டு. அந்தப் பழைய ஸ்விட்ச் இன்னுமா ஓடுது?"

ஓடுகிறது என்றேன். அதை ஏன் இன்னும் அணைக்கவில்லை என்று கேட்டார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. விசாரணை அறிக்கையில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். அவர் பயப்படுவது எனக்குப் புரிந்தது. என் பயமும் அதே ஜாதிதான். ஆனால் அவர் தெரியாமல் போட்ட கையெழுத்து, நான் தெரிந்து போட்டது. அதையும் சொன்னேன்.

என் இடத்துக்கு வந்து நிர்வாக இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். நகல் டாக்டர் ஷமீமாவுக்கும் வின்சென்ட் சாருக்கும். படத்தையும் பதிவையும் சேர்த்தேன். இரண்டாவது ஸ்விட்ச் அணைக்கப்படாமல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கடைசியில் எழுதினேன். மூன்று பத்துக்கு அனுப்பினேன். பிறகு, அந்த ஸ்விட்சை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று, சர்வர் அறை சாவியை வின்சென்ட் சாரிடமே கொடுக்காமல் செக்யூரிட்டி ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது அவருக்கு வலித்திருக்கும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

விசாரணை. இயக்குநர், ஒரு வக்கீல், டாக்டர் ஷமீமா. வெளியிலிருந்து வரவழைத்த ஒருவர் ஸ்விட்சைத் திறந்து பார்த்தார். 960 நாள் என்று சத்தமாகப் படித்தார்.

கேள்விகள் நாற்பது நிமிடம். ஏன் அன்றே சொல்லவில்லை என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். பயம் என்று மூன்று தடவையும் சொன்னேன். வேறு நல்ல காரணம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள்போல.

முடிவு: துணை மேலாளர் பதவி போயிற்று. ஒரு மாதம் தற்காலிக நீக்கம், செப்டம்பர் முதல் தேதியிலிருந்து. புதிய அமைப்பை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். அதன்பிறகு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். ஐசக் மீதான முடிவை ரத்துசெய்து அவருக்குக் கடிதம் போகும். திரும்பி வரலாம் என்றும் அதில் எழுதுவார்கள்.

வெளியே வரும்போது டாக்டர் ஷமீமா, வியாழக்கிழமை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். கேபிள் பிடுங்குவதைச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

பத்து மணி. அதுதான் ரத்த வங்கியில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம். டாக்டர் கீழே தன் திரைக்கு முன்னால், நான் மேலே ரேக்குக்குப் பின்னால். காதில் போன். வின்சென்ட் சார் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

பதினாறு தடவை செய்து பார்த்த வேலைதான். ஆனாலும் அன்று ஓடியது போலி டேட்டாபேஸ். இன்று கீழே அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிற நாலு பேரின் ரத்தம் அதில் இருக்கிறது. ஒரு கேபிள் மட்டும் என்றுதான் பேசியிருந்தோம். கேபிளைப் பிடுங்கினால் மனசு ஆறாது என்று தோன்றியது. டாக்டரிடம் கேட்டேன், ஸ்விட்சையே அணைக்கட்டுமா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, அணையுங்கள் என்றார்.

நீல ஸ்விட்சின் மின்சாரக் கேபிளை உருவினேன். விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் அவிந்தன. அதன் மின்விசிறிச் சத்தம் நின்றதும் அறையில் ஒரு குறை தெரிந்தது.

போனில் அவர் தட்டச்சு செய்யும் சத்தம். ஒரு இடத்தில் நின்றது. பிறகு மறுபடி.

"கோமதி, பிடுங்கிட்டீங்களா இல்லையா?"

"பிடுங்கி ஒரு நிமிஷம் ஆச்சு டாக்டர்."

இன்னும் பத்து நிமிடம் அப்படியே ஓடவிடச் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று பேருக்கு ரத்தம் ஒதுக்கினார்கள். பிறகு நீலத்தைப் போட்டு மஞ்சளை அணைத்தேன். அதுவும் அப்படியே.

கீழே போனபோது ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளைக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தார்.

"மார்ச்சுல அன்னைக்கு வராண்டாவுல அத்தனை பேர் முன்னால நான் திட்டினது ஐசக்கை. நேத்து அவருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். என் பங்கை நான் முடிச்சிட்டேன்."

பிரசவ வார்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்காமல் தாளை வாங்கிக்கொண்டு படியேறினேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

தூத்துக்குடி போனேன். காலை ஒன்பது மணி பஸ். ஐசக் அங்கே ஒரு கடையில் கண்காணிப்பு கேமரா மாட்டும் வேலையில் இருக்கிறார். ஒரு ஜவுளிக்கடையின் முகப்பில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த திருகாணியை முழுதும் முடுக்கிவிட்டுத்தான் இறங்கினார். இளைத்திருக்கிறார்.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எழுதிவைத்துக்கொண்டு போனதுபோல வரிசையாகச் சொன்னேன். மூன்று கேபிளை மாற்றியதைச் சொல்லும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்கா. நான் ஸ்விட்சை அணைச்ச அடுத்த நிமிஷமே பின்னால போய்ப் பாத்துட்டேன். ஆறும் ஒண்ணுலதான் இருந்துச்சு. சாயங்காலம் பாத்தா மூணு மாறியிருக்கு. அந்த ரூமுக்கு அன்னைக்கி நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரு வந்தா?"

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்பது கேட்டபிறகுதான் உறைத்தது.

"நான் சொன்னா, தப்பிக்கதுக்கு உங்க மேல போடுதேன்னுதான் நினைப்பாங்க. நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்தேன்."

வெள்ளிக்கிழமை என்பது அவருக்கு நீக்கக் கடிதம் கொடுத்த நாள்.

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்ததாம். திரும்பி வரப்போவதில்லை, அந்தப் படியில் ஏறினால் தனக்கு மூச்சு முட்டும் என்றார். புதிய அமைப்பைப் பற்றிக் கேட்டார். காத்திருப்பு நேரத்தை எத்தனை நொடி வைத்தேன் என்று கேட்டார். ஐந்து என்றேன். அது சரிதான் என்றார். அந்த இரண்டு நிமிடம் பழையபடி பேசினோம்.

எழும்பும்போது ஒன்று கேட்டார். அவருடைய அப்பா செல்லதுரை நம் ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்ரே பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லித்தான் ஐசக்குக்கு அங்கே வேலை கிடைத்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைக் கெடுத்தவன் என்று மார்ச்சிலிருந்து மகனோடு பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினாராம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருப்பாய் என்று படிக்காமலே வைத்துவிட்டாராம்.

"எங்கப்பாட்ட நீங்க வந்து சொல்லணும்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

வீட்டைத் துடைத்தேன். அலமாரித் துணிகளை மடித்தேன். செய்ய வேறு வேலை இல்லை. இவர் தானும் கூட வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சமாதானபுரம், ஐசக்கின் அப்பா வீடு. கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். செல்லதுரை ஐயா வெள்ளைச் சட்டையோடு முன்னறையில் நாற்காலியில் இருந்தார். எழுபது வயதுக்கு நிமிர்ந்து உட்காருகிறார். என்னை அவருக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவர் அங்கே இருந்தார். ஐசக் பின்னால் நடைக்கதவில் சாய்ந்து நின்றார், உள்ளே வரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். நெட்வொர்க், ஸ்விட்ச் எல்லாம் அவருக்குப் புரியாது என்று ஐசக் சொல்லியிருந்தார். ஆகவே கேபிளைப் பற்றிக் கொஞ்சமாகவும், நான் செய்ததைப் பற்றி முழுதாகவும் சொன்னேன். தப்பாக மாட்டியது நான். சோதித்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டது நான். பிறகு மாற்றி வைத்து மறைத்தது நான். உங்கள் மகன் எழுதியிருந்ததை நம்பி, எழுதியிருந்தபடி செய்தார்.

அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் கேட்டார்.

"இது உங்களுக்கு என்னைக்கித் தெரியும்மா?"

"அன்னைக்கே தெரியும் ஐயா. மார்ச் பதினொண்ணு."

"இன்னைக்கி செப்டம்பர் பத்து."

ஆமாம் என்றேன். ஐசக்கின் அம்மா உள்ளே எதையோ தாளித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். என்னைத் தாண்டி நடைக்கதவுவரை போனார். ஐசக் சாய்ந்திருந்தவர் நேராக நின்றார். அப்பாவும் மகனும் ஒரே உயரம். ஐயா தொண்டையைச் செருமினார். இரண்டாவது தடவை செருமினார்.

"சாப்டியாலே?"

ஐசக் இல்லை என்று தலையசைத்தார். ஐயா அவர் தோளில் கையை வைத்து அப்படியே அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டேன். உள்ளே தட்டு எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டை நானே சாத்திவிட்டு வந்தேன்.